மணலில் வரைந்த கடலும் திரையில் ஓடும் கோடும்
வனவுயிர் வணிகத்தின் கணக்கும் படமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

அறிஞர் முகத்தஸீயின் ‘அஹ்ஸனுத் தகாஸீம்’ என்னும் புவியியல் நூலை உயர்வகுப்பு மாணவர்களுக்கு நாம் நடத்திவருகையில், குவாரிஸ்ம் நாட்டு வணிகப் பொருள்களைக் கூறும் பகுதியில் ஒருநாள் பாடம் நின்றுபோயிற்று. அப்பகுதி வெறும் பட்டியல்தான். ஸம்மூர், ஸின்ஜாப், காகும் ஆகிய விலங்குகளின் மென்மயிர்த் தோல்கள், நரித்தோல், பீவர்த்தோல், மெழுகு, தேன், அம்பு, மீன்பசை, மீன்பல், வல்லூறு, வாள், கவசம் என்று அது நீண்டு செல்கிறது. மீன்பல் என்பது வடபனிக்கடலில் வாழும் வால்ரஸின் தந்தம் என்று ஆய்வாளர் கொள்வர். இவையனைத்தும் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள புல்கார் நாட்டிலிருந்து வருபவை என்று நூலாசிரியர் முடிக்கிறார்.

மாணவர்களுள் ஒருவர் கையை உயர்த்தினார். “ஹஜ்ரத், பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. எவ்வளவு என்று ஏன் இல்லை?” என்றார்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பட்டியலை அரபுச் சொற்களுக்குப் பொருள் கூறுவதற்காகவே வாசித்துவந்தோம். அது ஒரு கணக்கேடு என்றோ, அதன் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் உயிர்களின் தொகை ஒன்று உண்டு என்றோ நமக்குத் தோன்றியதில்லை. அம்மாணவரின் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

நூல் எழுதப்பட்ட காலம் ஹிஜ்ரி 375, அதாவது கி.பி. 985. தோல் எவ்வளவு வந்தது என்று முகத்தஸீ சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஈடாகச் சென்ற வெள்ளி சொல்கிறது. ரஷ்யாவிலும் ஸ்வீடனிலும் மண்ணுக்கடியிலிருந்து திர்ஹம்கள் பல்லாயிரக்கணக்கில் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெருந்தொகை ஸாமானிய அரசர்கள் மத்திய ஆசியாவில் அச்சிட்டவை. ஒவ்வொரு நாணயத்திலும் அச்சிட்ட நகரின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதால், புதையல் கிடைத்த இடங்களைப் படத்தில் குறித்தவுடன் தோல் வந்த வழி, வெள்ளி சென்ற வழியாகத் தலைகீழாகத் தெரிகிறது. நூல் கூறாத அளவை மண் காத்துவைத்திருந்தது.

ஸன்ஜ் நாட்டின் தந்தம்

முகத்தஸீக்கு ஒரு தலைமுறை முன்னர் வாழ்ந்தவர் மஸ்ஊதீ. பக்தாதில் பிறந்து, இந்தியாவின் மேற்குக் கரைக்கும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கும் கடல்வழி சென்று, ஹிஜ்ரி 345இல் (கி.பி. 956) மறைந்தவர். ‘முரூஜுத் தஹப்’ என்னும் தம் நூலில் ஸன்ஜ் நாட்டு யானைகளைப் பற்றி அவர் எழுதுவது வணிக வரலாற்றில் அரிய சான்று. அந்நாட்டார் யானையைப் போருக்கோ உழைப்புக்கோ பழக்குவதில்லை. வேட்டையாடிக் கொல்வதோடு சரி. தந்தம் உமானுக்குச் செல்கிறது. அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போகிறது. இந்த ஏற்றுமதி மட்டும் இல்லாதிருப்பின் முஸ்லிம் நாடுகளில் தந்தம் மலிந்திருக்கும் என்கிறார். சீனாவில் உயர்ந்தோரின் பல்லக்குகளுக்கும், இந்தியாவில் குறுவாள் பிடிகளுக்கும் சதுரங்கக் காய்களுக்கும் அது பயன்பட்டதையும் குறிப்பிடுகிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கே பிடிக்கப்படுகிறது, எவ்வழியாகப் போகிறது, எங்கே சேர்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்னும் நான்கு செய்திகளை மஸ்ஊதீ ஒரே இடத்தில் தருகிறார். இன்று வனவுயிர் வணிகத்தைப் பதிவுசெய்யும் எந்த அட்டவணையும் கேட்பது இந்த நான்கையும்தான். கூடுதலாகக் கேட்பது அந்த மாணவர் கேட்டதை: எவ்வளவு?

மணலில் வரைந்த கடல்

சொல்லைப் படமாக்கும் முயற்சியும் அவ்வறிஞர்களிடமே தொடங்கிவிட்டது. முகத்தஸீ தம் நூலிலுள்ள வரைபடங்களுக்கு நிறவிதி வகுத்தார். பலரும் அறிந்த வழிகளுக்குச் சிவப்பு, மணற்பரப்புக்கு மஞ்சள், உப்புக்கடலுக்குப் பச்சை, ஆறுகளுக்கு நீலம், மலைகளுக்குப் புழுதி நிறம். படிப்பறிந்தவரும் அறியாதவரும் ஒருங்கே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்றைய வரைபடங்களின் ஓரத்தில் காணப்படும் குறியீட்டு விளக்கத்துக்கும் இதற்கும் கருத்தளவில் வேறுபாடில்லை.

அவர் கூறும் நிகழ்ச்சி ஒன்றை நம் மாணவர்கள் மிக விரும்பிக் கேட்பதுண்டு. கடலின் வடிவம் பற்றி நூல்கள் முரண்பட்டு நின்றதால் அவர் குழம்பியிருந்தார். ஏதன் துறைமுகக் கரையில் அமர்ந்து கடலைப் பார்த்திருந்தபோது, கப்பல்கள் பல செலுத்திய முதிய வணிகர் ஒருவர் அருகே வந்து, என்ன சிந்தனை என்று வினவினார். காரணம் கேட்டறிந்ததும் உள்ளங்கையால் மணலைச் சமன்செய்து, விரிகுடாக்களோடும் வளைவுகளோடும் கடலை வரைந்து காட்டினார். நூலறிவு தர இயலாததை வணிகரின் விரல் தந்தது. முகத்தஸீ அதை ஏற்றுக்கொண்டார்.

கி.பி. 1154இல் (ஹிஜ்ரி 548) ஸிஸிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இத்ரீஸீ தம் பெருநூலை நிறைவுசெய்தார். உலகை ஏழு மண்டலங்களாகவும், ஒவ்வொன்றையும் பத்துப் பகுதிகளாகவும் பிரித்து எழுபது படங்கள் அமைத்தார். தெற்கு மேலே இருக்கும் அப்படங்களில் நகரும் மலையும் ஆறும் உள்ளன. பொருள்களைப் பற்றிய செய்தி உரைநடையில் உள்ளது, படத்தில் இல்லை. சரக்கு எந்தத் திசையில் எத்தனை பெருக்காக ஓடுகிறது என்பதைக் கோட்டால் காட்டும் வழி அன்று தோன்றவில்லை. அதற்கு ஆண்டுதோறும் எண்ணப்பட்ட தொகைகள் வேண்டும். அத்தொகைகள் துறைமுகச் சுங்க ஏடுகளில் திரண்டு, பொது அறிவாக வெளிவந்த பின்னரே அது கைகூடிற்று.

கோட்டின் அகலம்

1786இல் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் ஏறியிறங்கும் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டார். எண்களின் நெடும் பத்தியை வாசித்து மனத்தில் இருத்துவது அரிது. கோட்டின் ஏற்றத்தைக் கண் ஒரே நொடியில் பற்றிக்கொள்கிறது என்பதே அவர் கண்டது. 1837இல் ஹென்றி ஹார்னஸ் என்னும் படைப்பொறியாளர் அயர்லாந்தின் போக்குவரத்தை, மிகுதிக்கேற்பத் தடித்தும் குறைவுக்கேற்ப மெலிந்தும் செல்லும் கோடுகளாக வரைந்தார்.

இக்கலையை நிறைவுபெறச் செய்தவர் பிரான்ஸின் பொறியாளர் சார்ல் ஜோசஃப் மினார். நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பைப் பற்றி 1869இல் அவர் வரைந்த படம் புகழ்பெற்றது. எனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது அவருடைய பஞ்சு வணிகப் படம். ஐரோப்பாவுக்கு வந்த பஞ்சை 1858, 1864, 1865 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு மூன்று உலகப் படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் அமைத்தார். முதற்படத்தில் அமெரிக்காவிலிருந்து வரும் பட்டை ஆறுபோல் அகன்றுள்ளது. உள்நாட்டுப் போர் மூண்டபின் அது நூலிழைபோல் சுருங்க, இந்தியாவிலிருந்து புறப்படும் பட்டை வீங்கிப் பெருக்கிறது. ஓரிடத்தில் அடைபட்ட தேவை மற்றோரிடத்தில் வாய் திறக்கும் என்னும் பொருளியல் உண்மையை, சொல் எதுவும் இல்லாமல் அப்படம் கற்பிக்கிறது. இவ்வுண்மையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

ஸான்ஸிபாரிலிருந்து வாஷிங்டன் வரை

மஸ்ஊதீ கண்ட தந்தத்தின் வழி ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அழியவில்லை, அகன்றது. உமானின் ஸுல்தான் ஸெய்யித் ஸஈத் 1840ஆம் ஆண்டளவில் தம் அரசிருக்கையை ஸான்ஸிபாருக்கு மாற்றினார். உள்நாட்டு ஏரிக்கரைகள் வரை சென்ற வணிகக் கூட்டங்கள் தந்தத்தைக் கரைக்குக் கொண்டுவந்தன. சுமந்தவர்களுள் கூலிக்கு வந்த ந்யம்வெஸி மக்களும் இருந்தனர், அடிமைகளும் இருந்தனர். ஸான்ஸிபாரின் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. தந்தம் மும்பைக்கு வந்து, கட்ச், குஜராத் பகுதிகளில் மணப்பெண்ணின் வளையலாயிற்று. லண்டனுக்குச் சென்று கத்திப் பிடியும் சீப்புமாயிற்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பியானோக் கட்டையாயிற்று. வளையல் அணிந்தவருக்கும் பியானோ வாசித்தவருக்கும் காட்டில் வீழ்ந்த யானை தெரியாது. துறைமுக ஏடு கப்பல் புறப்பட்ட துறையின் பெயரை எழுதும். யானை வீழ்ந்த காட்டின் பெயரை எழுதாது.

இருபதாம் நூற்றாண்டில் துப்பாக்கியும் கப்பலும் விமானமும் பெருகியபோது கணக்கு கேட்கப்பட்டாக வேண்டிய நிலை வந்தது. 1963இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பயனாக 1973 மார்ச் 3ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. 1975 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய இவ்வொப்பந்தத்தை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சைட்டீஸ்’ என்பர். இந்தியா 1976இல் இணைந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினராக உள்ளன. 40,000க்கும் மேற்பட்ட விலங்கினங்களும் தாவரங்களும் மூன்று அட்டவணைகளில் இடம்பெற்றுள்ளன. முதல் அட்டவணையில் உள்ளவற்றைக் காட்டிலிருந்து பிடித்து வணிகம் செய்யலாகாது. இரண்டாவதில் உள்ளவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஒவ்வொரு நாடும் தான் அனுமதித்த வணிகத்தை ஆண்டுதோறும் அறிக்கையாக அனுப்ப வேண்டும். அவ்வறிக்கைகள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பைச் சார்ந்த ஒரு மையத்தில் திரட்டப்படுகின்றன. அங்கே சேர்ந்துள்ள பதிவுகள் இரண்டு கோடிக்கும் மேல். ஒவ்வொரு பதிவிலும் ஆண்டு, உயிரினம், ஏற்றுமதி நாடு, இறக்குமதி நாடு, முதலில் பிடிக்கப்பட்ட நாடு, பொருளின் வடிவம், அளவு, நோக்கம், பிறப்பிடம் எனப் பத்திகள் உள்ளன. பிறப்பிடம் என்னும் பத்தியில் காட்டில் பிடிக்கப்பட்டதா, அடைப்பில் பிறந்ததா, பறிமுதல் செய்யப்பட்டதா என்று ஓரெழுத்துக் குறி இருக்கும். மஸ்ஊதீயின் நான்கு செய்திகளும் மாணவரின் ஒரு வினாவும் அங்கே பத்திகளாகிவிட்டன.

நகரும் படம்

இரண்டு கோடிப் பதிவுகளை எவரும் வாசித்து முடிக்க இயலாது. இங்கேதான் மினாரின் கலை கணினியோடு சேர்ந்து புதுவடிவம் பெறுகிறது. மினாரின் படம் தாளில் அச்சானது. அவர் கேட்ட வினாவுக்கு மட்டுமே விடை தரும். இன்றைய ஊடாடும் படத்தில் வினாவைக் கேட்பவர் பார்ப்பவரே. உயிரினத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் உலகப் படத்தில் பட்டைகள் தோன்றும். தோலை மட்டும் காட்டு என்றால் உயிருள்ளவை மறையும். காட்டில் பிடித்தவை மட்டும் என்றால் அடைப்பில் பிறந்தவை நீங்கும். கீழேயுள்ள ஆண்டுக் கோட்டில் விரலை நகர்த்தினால் பட்டைகள் பெருத்தும் சிறுத்தும் திசை மாறியும் ஓடும். கேம்பிரிட்ஜ் மையமே அத்தகைய காட்சிக் கருவியை அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்துள்ளது.

வினா எழுப்பிய மாணவரே தம் மடிக்கணினியில் அதனை நமக்குக் காட்டினார். நாம் பார்க்க விரும்பியது பறவைகளை. பறவைக் காய்ச்சல் அச்சத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் காட்டுப்பறவைகளின் இறக்குமதியை நிறுத்திற்று. 2007இல் அத்தடையை நிலையாக்கிற்று. இப்பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, உலகக் காட்டுப்பறவை வணிகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சத்திலிருந்து 1.3 லட்சமாகக் குறைந்ததைக் காட்டிற்று. அதே ஆய்வு, எஞ்சிய வணிகம் புதிய நாடுகளை நோக்கித் திரும்பியதையும் எடுத்துரைத்தது. மினாரின் பஞ்சுப் படம் கற்பித்த பாடமே இது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பஞ்சில் தேவை அப்படியே வேறிடம் சென்றது. பறவையில் பெரும்பகுதி ஓய்ந்து, சிறுபகுதியே வேறிடம் சென்றது. தடை என்பது பயனற்ற செயல் என்று வாதிடுவோருக்கும், தடை ஒன்றே போதும் என்று நம்புவோருக்கும் அந்த ஒரு படம் விடை தருகிறது.

அறிவிப்பாளர் வரிசை

இவ்வளவு கூறியபின் எச்சரிக்கையும் கூற வேண்டும். அழகாக ஓடும் கோடு உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்னும் மயக்கம் எளிதில் பிடிக்கிறது. முகத்தஸீ தம் செய்திகளைத் தாமே கண்டவை, நம்பத் தகுந்தோரிடம் கேட்டவை, நூல்களில் வாசித்தவை என மூவகையாகப் பிரித்தார். ஹதீஸ் கலை பயின்ற நமக்கு இம்முறை புதிதன்று. செய்தியின் வாசகத்தை மட்டும் பாராமல் அதை அறிவித்தவர் வரிசையையும் பார்ப்பது நம் மரபு. அம்மரபை இப்பதிவுகளின்மேல் செலுத்திப் பார்த்தோம்.

முதலாவது, இரு அறிவிப்பாளர். ஒரே சரக்கை ஏற்றுமதி நாடு ஓரெண்ணாகவும் இறக்குமதி நாடு வேறோர் எண்ணாகவும் அறிவிப்பது மிகச் சாதாரணம். சில நாடுகள் உண்மையில் சென்றதை எழுதுகின்றன. சில நாடுகள் வழங்கிய அனுமதிச் சீட்டை எழுதுகின்றன, சரக்கு சென்றதா என்று பார்ப்பதில்லை. எந்தப் பத்தியை எடுத்துப் பட்டை வரையப்பட்டது என்று அறியாமல் அதன் அகலத்தை நம்பலாகாது.

இரண்டாவது, அறியப்படாத அறிவிப்பாளர். முதலில் பிடிக்கப்பட்ட நாடு தெரியவில்லை என்று குறிக்கப்பட்ட பதிவுகள் உள்ளன. இடையில் ஒரு கண்ணி அறுந்த செய்தியை ‘முன்கதிஃ’ என்பார்கள் ஹதீஸ் கலையார். படத்தில் அத்தகைய பட்டை இடைவழி நாட்டிலிருந்து புறப்படுவதுபோல் தோன்றும், காடு மறைந்துவிடும்.

மூன்றாவது, குறையை மறைத்து அறிவித்தல். இதனை ‘தத்லீஸ்’ என்பர். காட்டில் பிடித்ததை அடைப்பில் பிறந்தது என எழுதினால் சட்டத் தடை பெரிதும் நீங்கிவிடும். இந்தோனேசியாவிலிருந்து அடைப்பில் பிறந்தவை என்று ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என்று 2011இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. படத்தில் அவை குற்றமற்ற நிறத்தில் ஓடியிருக்கும்.

நான்காவதுதான் மிகப் பெரிது: மௌனம். ஆப்பிரிக்க யானைகள் 1979இல் ஏறத்தாழ 13 லட்சம் என்று மதிப்பிடப்பட்டன. 1989இல் அது ஏறத்தாழ 6 லட்சமாயிற்று. அவ்வாண்டு லாசான் நகரில் கூடிய மாநாடு அவற்றை முதல் அட்டவணையில் சேர்த்தது. 1990 முதல் தந்தத்தின் சட்டபூர்வ வணிகம் நின்றது. 1999இலும் 2008இலும் தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளின் இருப்பிலிருந்து தனி அனுமதியின் பேரில் விற்பனை நடந்தது; அதனைத் தவிர்த்தால் படத்தில் தந்தத்தின் பெரும்பட்டைகள் மறைந்துவிட்டன. அப்படத்தை மட்டும் பார்ப்பவர் யானை பிழைத்தது என்று மகிழ்வார். உண்மையோ, 2006க்குப் பிந்திய பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1,11,000 யானைகள் குறைந்து, 4,15,000 அளவில் நிற்பதாக 2016ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. வெற்றிடம் நிரபராதத்துக்குச் சான்றன்று. அங்கே எழுதுவோர் இல்லை என்பதே அதன் பொருள்.

இதற்கு மாற்றாகப் பறிமுதல் செய்திகளைக் கொண்டு வரையும் படங்களும் உள்ளன. 1976இல் தோன்றிய ‘டிராஃபிக்’ என்னும் அமைப்பு அத்தகைய செய்திகளைத் திரட்டி வெளியிடுகிறது. ஆனால் பறிமுதல் மிகுந்த துறைமுகம் கடத்தல் மிகுந்த துறைமுகமாகவும் இருக்கலாம். அதிகாரிகள் கண்விழித்திருக்கும் துறைமுகமாகவும் இருக்கலாம். பெரிய புள்ளியைக் கண்டவுடன் அவ்வூரைக் குற்றவாளி ஆக்குவது நீதியன்று.

நம் பங்கு

இவ்வரலாற்றில் நம் பங்கை மறைத்தெழுதுவது நேர்மையாகாது. உமானும் ஸான்ஸிபாரும் தந்த வழியின் கண்ணிகள். அண்மைக் காலத்திலும் ஐக்கிய அரபு அமீரகம் 1988இல் இவ்வொப்பந்தத்திலிருந்து விலகி, 1990இல் மீண்டும் இணைந்தது. அதே நாடு 2002இல் வேட்டைக்குப் பழக்கும் வல்லூறுகளுக்குக் கடவுச்சீட்டு முறையைக் கொண்டுவந்து, காலில் இட்ட வளையத்தின் எண்ணோடு அவற்றைப் பதிவுசெய்தது. பழைய வழக்கத்தை அழிக்காமல் அதனைக் கணக்குக்குள் கொண்டுவர இயலும் என்பதற்கு இது சான்று.

நம் கரையும் விலக்கன்று. மன்னார் வளைகுடாவின் கடல் அட்டையை 2001 முதல் இந்தியச் சட்டம் முற்றாகத் தடுத்துள்ளது. எதிர்க்கரையான இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஒரே கடல், ஒரே உயிர், இரு சட்டம். கரையோர ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் இதுபற்றி நம்மிடம் கேட்டதுண்டு. “கடலில் உள்ளது எவருக்கும் உரிமையில்லை, பிடித்தவருக்கே சொந்தம் என்று கிதாபில் படித்தோமே, ஹஜ்ரத்?” என்பது அவர்கள் வினா. காட்டு நட்சத்திர ஆமையைப் பற்றியும் அவ்வாறே கேட்கலாம். அது 2019இல் முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டது.

அவர்கள் படித்தது சரி. வேட்டைப் பொருள் பிடித்தவருக்கு உரியது என்பது ஃபிக்ஹின் பொது விதி. ஆனால் அவ்விதிக்கு வரம்பும் உடன் பிறந்தது. மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டை விலக்கப்பட்டது. மதீனாவுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. பொது நலனுக்காக ஒரு நிலத்தை ‘ஹிமா’ எனக் காத்துவைக்கும் முறையும் வழங்கிவந்தது. இஹ்ராம் நிலையில் வேட்டைப் பிராணியைக் கொன்றவர் அதற்கு ஈடு செலுத்த வேண்டும். அந்த ஈட்டை நீதியுள்ள இருவர் மதிப்பிட வேண்டும் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 95ஆம் வசனம் விதிக்கிறது. எவருக்கும் உடைமையில்லாத ஒரு மானுக்கு ஈடு எதற்கு? மதிப்பிட இருவர் எதற்கு? உரிமையாளர் இல்லாத உயிரும் கணக்கில்லாத உயிர் அன்று என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். பிடிப்பவர் ஒருவராக இருந்தபோது கடல் குறையவில்லை. பிடிக்கும் வலையும் வாங்கும் சந்தையும் உலகளவில் பெருகியபின், தீங்கைத் தடுக்கும் விதி பொது விதிக்குமுன் வந்து நிற்கிறது.

இங்கே மற்றொரு நீதியும் தேவை. செய்தித்தாளில் பிடிபட்டவராக வருபவர் பெரும்பாலும் கரையோரத்து ஏழை மீனவர் அல்லது காட்டோரத்துச் சிறு வேடர். பட்டைக்கு இரு முனைகள் உள்ளன. மறுமுனையில் இருப்பவர் வாங்குபவர். பொருள் எங்கிருந்து வந்தது என்று அறியேன் என்பது நெடுங்காலம் அவருக்குப் புகலிடமாக இருந்தது. அறியாமை சில வேளை மன்னிப்புக்குரிய காரணம் என்று நம் சட்ட அறிஞர்கள் கூறுவர். அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாதிருப்பதற்கு அச்சலுகை இல்லை. விரலை நகர்த்தினால் பட்டையின் தொடக்கம் தெரியும் காலத்தில், கிளியை வாங்குபவரும் தோற்பையை வாங்குபவரும் அந்தப் புகலிடத்தை இழந்துவிட்டனர். இத்தகைய படங்களின் பெரும்பயன் இதுவே என்று நாம் கருதுகிறோம். ஏதன் கரையில் அம்முதிய வணிகர் வரைந்த படம் கப்பல் பிழையாமல் போய்ச்சேர உதவிற்று. இன்றைய படம் அனுப்பக் கூடாத சரக்கு எது என்று அறிய உதவ வேண்டும்.

பாடம் முடிந்து சில வாரங்களுக்குப் பின் அம்மாணவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். முகத்தஸீயின் பட்டியலைப் படமாக வரைந்திருந்தார். புல்காரிலிருந்து குவாரிஸ்ம் வரை வண்ணக் கோடுகள்: தோலுக்கு ஒன்று, மெழுகுக்கு ஒன்று, வல்லூறுக்கு ஒன்று. அளவு தெரியாததால் எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் வைத்திருந்தார். பட்டியலில் ஒரு பொருளுக்கு மட்டும் கோடு இல்லை.

அப்பொருளைக் கட்டுரையின் தொடக்கத்தில் நாமும் சொல்லாமல் விட்டிருந்தோம். வல்லூறுக்கும் வாளுக்கும் கவசத்துக்கும் பின்னால், ஆடு மாடுகளுக்கு முன்னால், ஸ்லாவிய அடிமைகள் என்று முகத்தஸீயின் நூலில் உள்ளது. ஹிஜ்ரி 310இல் அதே புல்கார் நாட்டுக்குத் தூது சென்ற இப்னு ஃபழ்லானும், அங்கு வந்த வணிகர்களிடம் ஸம்மூர்த் தோலும் அடிமைப் பெண்களும் ஒருசேர விற்பனைக்கு இருந்ததைக் கண்டு எழுதியுள்ளார்.

“இதை எந்த நிறத்தில் போடுவது, ஹஜ்ரத்?” என்று மாணவர் கேட்டார்.

விட்டுவிடச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மற்றவற்றோடு சேர்த்து ஒரு சரக்காக வரையச் சொல்லவும் நாவு எழவில்லை. புள்ளிக் கோடாக வரைந்து, அருகில் ‘எண்ணிக்கை எழுதப்படவில்லை’ என்று குறிக்கச் சொன்னோம். அவ்வாறே செய்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நல்லறிஞர் ஒருவரின் கண்ணில் மனிதரும் தோலும் ஒரே பட்டியலில் இயல்பாக நின்றனர். இன்று நம் கண்ணில் இயல்பாக நிற்பவற்றுள் எதைக் கண்டு பின்வருவோர் நாணுவார்களோ, அதற்கும் ஒரு புள்ளிக் கோடு இப்போதே வரைந்துவைப்பது நல்லது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.